ஹவா கூப்பிடுகிறாள்

ஊருக்குத் திரும்பிய பிறகு முதல் சில வாரங்களை எழிலரசி தூங்கியே கழித்தாள். அரூருக்குப் பக்கத்துக் கிராமம். சர்ச்சுக்குப் பின்தெருவில் வீடு. அம்மா தெரசா காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்ப்பாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். மத்தியானம் தட்டில் சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டால் எழுந்து வந்து சாப்பிடுவாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள்.

"காச்சல் கீச்சல் இருக்குதா கண்ணு?"

"இல்லம்மா."

"பின்ன என்னாத்துக்கு இப்பிடிக் கெடக்கற?"

"தூக்கம் வருதும்மா. அவ்ளோதான்."

தெருவில் விசாரிப்பவர்களுக்குச் சொல்ல தெரசா ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "ஆப்பிரிக்காவுல வெயில் சாஸ்திங்க. ஒடம்பு அசந்து போச்சு."

எழிலரசி நர்ஸ். சேலத்தில் படித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, பிறகு வெளிநாட்டு மருத்துவ உதவி அமைப்பு ஒன்றில் சேர்ந்தாள். அவர்கள் அவளை சாட் நாட்டின் கிழக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சூடான். அங்கே சண்டை. நடுவில் மணல் மட்டுமே ஓடும் ஓர் ஆறு. அந்த ஆற்றைத் தாண்டித்தான் எல்லோரும் வந்தார்கள். கழுதை மேலும், நடந்தும், ஒருவர் முதுகில் ஒருவருமாக. வந்தவர்களில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். ஆண்களைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள்.

கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்றை வெட்டி ஜன்னல் வைத்து, முன்னால் தார்ப்பாய் இழுத்துக் கட்டியதுதான் அவர்களுடைய ஆஸ்பத்திரி. பிரசவம் பார்ப்பதும் அதில்தான். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தாள். பிறகு ஒரு நாள் மெயில் வந்தது. நிதி கொடுத்துக்கொண்டிருந்த நாடுகள் நிறுத்திக்கொண்டன, திட்டம் முடிகிறது, வெளிநாட்டுப் பணியாளர்கள் மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும். மாதக் கடைசியில் கிளம்பினார்கள். அன்று காலைகூட வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பாதவள் ஹவா. அவளும் அந்த ஆற்றைத் தாண்டி வந்தவள்தான். சூடானில் ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியாக இருந்தவள். அந்த ஆஸ்பத்திரி எரிந்த பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். எழிலரசி பெட்டியின் சாவியை அவளிடம்தான் கொடுத்தாள்.

"நீ என்ன செய்யப் போற?" என்று கேட்டாள்.

"நீ போற மாதிரி எனக்குப் போறதுக்கு இடம் இல்லையே" என்றாள் ஹவா. கேலியாகத்தான் சொன்னாள். எழிலரசியும் சிரித்தாள்.

ஆக, ஆஸ்பத்திரி மூடியது காகிதத்தில்தான். மிச்சமிருந்த மருந்தை வைத்துக்கொண்டு ஹவா பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் வரும்போதெல்லாம் வாட்ஸாப்பில் குரல் அனுப்பினாள். ஒருத்திக்குக் கால் வீங்கியிருக்கிறது. ஒரு குழந்தை பால் குடிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளாக வலி, கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை. முதலில் எழிலரசி எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொன்னாள். பிறகு சாயங்காலத்தில் மொத்தமாகக் கேட்டுப் பதில் சொன்னாள். பிறகு நாள் தள்ளிப்போனது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் என்ன ஆனது என்று கேட்க வேண்டும். அதற்கு வரும் பதிலையும் கேட்க வேண்டும். கடைசியில் ஹவா அனுப்புவதைத் திறக்காமல் விடத் தொடங்கினாள். அதற்காக அழவில்லை. அழும் அளவுக்குக்கூட உடம்பில் ஒன்றும் இல்லை.

தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று அம்மாதான் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"போய்ட்டு வா கண்ணு. வேலை குடுத்தா செய்யி, இல்லாட்டி வூட்டுக்கு வா. நாலு பேரு மூஞ்சியப் பாத்தாலாச்சும் தூக்கம் தெளியும்."

எழிலரசிக்கு மறுத்துப் பேசவும் சோம்பலாக இருந்தது. குளித்து, கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டிக்கொண்டு, சான்றிதழ் பையோடு கிளம்பினாள்.

அரூரில் கடத்தூர் வழியாகப் போகும் தனியார் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாட்டு அலறியது. பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் தக்காளிக் கூடையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளியும் மஞ்சளுமாக வந்துபோயின. எழிலரசி கண்ணை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. ஹவா.

இதுவரை ஹவா குரல்தான் அனுப்பியிருக்கிறாள். அழைப்பதற்கு அங்கே டேட்டா போதாது. எழிலரசி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்து நின்றது. நின்ற உடனே மறுபடி அடித்தது. அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும் என்று நினைத்தாள். விடியற்காலையில் கூப்பிடுகிறாள் என்றால் என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எடுக்கவில்லை.

கடத்தூரில் பேருந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. போன் திரும்பவும் அடித்தது.

"யாருன்னு எடுத்துத்தான் பாரும்மா" என்றாள் தக்காளிக் கூடைக்காரி. "சும்மா சும்மா அடிக்குது. வூட்டுல யாருக்கு என்னாவோ ஏதோ."

எழிலரசி எடுத்தாள்.

"எசில்! எசில், கேக்குதா?"

ஹவாவுக்கு ழ வராது. அவர்கள் இருவரும் பேசுவது ஆங்கிலமும் அரபியும் கலந்த ஒரு பேச்சு. அதில் இலக்கணம் கிடையாது. அவசரத்துக்கு அது போதும்.

"கேக்குது, சொல்லு."

"கூடாரத்துல பெத்திருக்கா. பாய்ல போட்டுத் தூக்கிட்டு வந்திருக்காங்க. ரத்தம் நிக்கலை எசில். பாய் முழுக்க. நிக்கவே இல்லை."

எழிலரசி தன்னையறியாமல் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். பாட்டுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு கத்தினாள். "நஞ்சுக்கொடி வந்துருச்சா? முழுசா வந்துருச்சா?"

"வந்துருச்சு. பாத்துட்டேன். முழுசா இருக்கு."

"வயித்துல கை வச்சுப் பாரு. கர்ப்பப்பை கெட்டியா இருக்கா, மெத்துன்னு இருக்கா?"

"மாவு மாதிரி இருக்கு."

"தேச்சுக்கிட்டே இரு. நிறுத்தாத. மாத்திரை குடு."

"மாத்திரை தீந்துருச்சு எசில். அதான் போன வாரமே சொன்னேனே, இனி என்ன பண்றதுன்னு."

ஹவா குறை சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தக் குரலை எழிலரசி திறந்திருக்கவில்லை.

பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் குப்புராஜ் டிக்கெட் மெஷினோடு பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் திருநீறு.

"என்னாங்க மேடம், எதாச்சும் பிரச்சனைங்களா?"

"ஒரு பொம்பளைக்கு ரத்தம் போவுதுங்க. பிரசவம். பாட்டை மட்டும் கொஞ்சம்…"

அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. "டேய், பாட்ட நிறுத்து!" என்று முன்னால் பார்த்துக் கத்தினார். பாட்டு நின்றது. பேருந்து முழுவதும் சட்டென்று இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

"சிறுநீர்ப்பையைக் காலி பண்ணு ஹவா. குழாய் இருக்கா? சரி, அதைப் போடு. குழந்தை உயிரோட இருக்கா? அதை மார்ல வைக்கச் சொல்லு. கால் பக்கத்தை…"

சத்தம் விட்டுவிட்டு வந்தது. பேருந்து ஒரு கரட்டுக் குன்றை ஒட்டி வளைந்துகொண்டிருந்தது. ஹவாவின் குரல் துண்டு துண்டாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது.

"இந்த எடத்துல டவர் கெடைக்காதுங்க" என்றார் குப்புராஜ். "தாண்டறதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும்."

"என்னை எறக்கி விட்டுருங்க."

"இங்கியா? இங்க ஸ்டாப்பு இல்லீங்களே. ஒண்ணுமே இல்லீங்க இங்க."

"இப்பதான் கிடைச்சுது. அந்த வளைவுக்கு முன்னாடி கிடைச்சுது. எறக்கி விடுங்க."

அவர் விசிலை ஊதினார். எழிலரசி இறங்கும்போது பின்னாலிருந்து தக்காளிக் கூடைக்காரி கூப்பிட்டாள். சான்றிதழ் பையை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

பேருந்து போய்விட்டது. எழிலரசி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். வளைவைத் தாண்டி, சாலையை விடச் சற்று மேட்டில், மஞ்சள் சாமந்தித் தோட்டம் ஒன்று. போனில் ஒரு கோடு தெரிந்தது. மேட்டில் ஏறினாள். இரண்டு கோடு. வரப்பில் நடந்து தோட்டத்துக்கு நடுவில் போனாள்.

"ஏய், யாரும்மா அது? செடிய மிதிக்காத!"

பூப் பறித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து நின்றாள். தலையில் துண்டு கட்டி, மேலே ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். எழிலரசி ஒரு கையை உயர்த்திப் பொறுங்கள் என்று காட்டிவிட்டு ஹவாவை அழைத்தாள். போன் போகவில்லை. மறுபடி அழைத்தாள். அந்தப் பெண் கூடையோடு கிட்டே வந்தாள்.

"உன்னியத்தான் கேக்கறன். என்னா வோணும் உனுக்கு?"

"அக்கா, ஒரு அஞ்சு நிமிசம். ஒரு உயிர் போய்ட்டிருக்குதுங்க."

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். சாலையில் யாரும் இல்லை. அதற்குள் தொடர்பு கிடைத்துவிட்டது.

இப்போது போனைப் பிடித்திருந்தது ஹவா இல்லை, பிரசவித்தவளின் அக்கா. அவள் அழுதுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஹவா கத்துவது கேட்டது. குழாய் போட்டாயிற்று. தேய்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். கெட்டியாகிறது, கையை எடுத்தால் மறுபடி மெத்தென்று ஆகிவிடுகிறது. ரத்தம் குறையவில்லை. பெற்றவள் தன் பேரைக் கேட்டால் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"பேரு என்ன?"

"ஜைனப்."

"ஹவா, ஒரு கையை உள்ள, ஒரு கையை வெளிய. ரெண்டுக்கும் நடுவுல வச்சு அழுத்து. உனக்குத் தெரியும். நாம சேர்ந்து செஞ்சிருக்கோம்."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன். என் கை மரத்துப் போச்சு எசில். எவ்வளவு நேரம் அழுத்த முடியும்?"

எழிலரசி கண்ணை மூடிக்கொண்டு அந்த இரும்புப் பெட்டிக்குள் போனாள். இடது பக்கம் அலமாரி. மேல் தட்டில் என்ன, நடுத் தட்டில் என்ன. கீழ்த் தட்டில் யாரும் வாங்கிக்கொண்டு போகாத அட்டைப் பெட்டிகள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்று யாரோ அனுப்பியவை. புருஷன் எங்கே என்றே தெரியாத பெண்களுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று அவளும் ஹவாவும் அப்படியே அடுக்கி வைத்திருந்தார்கள்.

"காண்டம்! கீழ் தட்டு! காண்டம் பெட்டி இருக்கா இன்னும்?"

"இருக்கு! அதுதான் நிறைய இருக்கு!"

"இன்னொரு குழாய் எடு. காண்டத்தை அது மேல மாட்டி நூலால இறுக்கிக் கட்டு. உள்ள வை. குழாய் வழியா சலைன் ஏத்து. உள்ள போய் பலூன் மாதிரி ஊதி அழுத்தும். அப்புறம் உன் கையை எடுத்துரலாம்."

"படத்துல பாத்திருக்கேன். செஞ்சதில்லை."

"நானும் ஒரு தடவைதான் செஞ்சிருக்கேன். செய். நான் போன்லதான் இருக்கேன்."

சாமந்தித் தோட்டத்துப் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் அவளுக்குப் புரிந்திருந்தது.

"ஏம்மா, உசுரு போவுதுங்கற. அத்த எதுக்கு இப்பக் கேக்கற?"

எழிலரசி அவசரமாக, கையால் காட்டிக்காட்டிச் சொன்னாள். அந்தப் பெண் வாயில் கை வைத்தாள். "அட சாமி" என்றாள். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து, எழிலரசியின் தலைக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். வெயில் போன் திரையில் பட்டு ஒன்றும் தெரியாமல் இருந்ததை எழிலரசி அப்போதுதான் கவனித்தாள்.

போனில் சத்தங்கள் மட்டும் வந்தன. ஹவா யாரையோ அதட்டினாள். ஏதோ உருண்டு விழுந்தது. குழந்தை அழுதது, நல்ல அழுகை, ரோஷமான அழுகை. அது இருந்ததால் எழிலரசியால் நிற்க முடிந்தது.

"ஏத்தறேன். போகுது. எவ்வளவு ஏத்தட்டும்?"

"ரத்தம் குறையற வரைக்கும். மெதுவா."

"போகுது… எசில், கொஞ்சம்…"

போன் அணைந்துபோனது. சார்ஜ் இல்லை.

எழிலரசி கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராத்திரி சார்ஜ் போட மறந்திருந்தாள். மறக்கவில்லை என்றும் சொல்லலாம். சில வாரமாகவே போனை அப்படித்தான் விட்டிருந்தாள்.

"வா" என்றாள் அந்தப் பெண். "வூடு அந்தாண்டதான். கரண்டு இருக்குது."

அவள் பெயர் மாதம்மாள். தோட்டத்தின் கோடியில் ஓட்டு வீடு. வாசலில் பறித்த பூ சாக்கில் குவிந்திருந்தது. ஃபேன் போடும் இடத்தில்தான் பிளக் இருந்தது. சார்ஜர் மகனுடையது, எழிலரசியின் போனில் சேர்ந்தது. திரை உயிர் பெறும்வரை இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாதம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"எந்த ஊருப் பொண்ணும்மா?"

"ரொம்ப தூரங்க்கா. வெளிநாடு. அவங்க நாட்டுல சண்டை. தப்பிச்சு வந்து பக்கத்து நாட்டு எல்லையில கெடக்கறாங்க. நான் அங்க நர்ஸா இருந்தேன்."

"செல்லுல காட்டறான், எம்பையன். எங்கியோ ஒரு எடத்துல குண்டு போட்டுக்கினே இருக்கறாங்க." மாதம்மாள் பூக்குவியலைப் பார்த்தாள். "கூட ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

"அக்காக்காரி இருக்கறா. மத்தது தெரியலைங்க."

"ம்."

போன் திறந்தது. அழைத்தாள், போகவில்லை. ஹவாவின் டேட்டா தீர்ந்திருக்கலாம். அங்கே டவர் போயிருக்கலாம். வேறு எதுவும் ஆகியிருக்கலாம்.

"எடுக்கவே கூடாதுன்னு இருந்தங்க்கா" என்றாள் எழிலரசி. யாரிடமும் சொல்லாததை ஏன் இவளிடம் சொல்கிறோம் என்று தெரியவில்லை. "பஸ்ல எத்தனையோ தடவை அடிச்சுது. எடுக்காமயே வந்தேன். முன்னாடியே எடுத்திருந்தா…"

"எடுத்துட்ட இல்ல?"

"எனக்கு முடியலைங்க்கா. இது இன்னைக்கோட தீரப் போறதில்லை. நாளைக்கு வேற ஒருத்தி. அதுக்கு அடுத்த நாள் வேற ஒருத்தி."

மாதம்மாள் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "அப்ப எடுக்காத" என்றாள். "யாரு வந்து உன்னியக் கேக்கப் போறாங்க?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. அப்படியும் செய்யலாம் என்பதுபோலத்தான் சொன்னாள். எழிலரசி தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். மாதம்மாள் எழுந்து போய்ப் பூவைச் சாக்கில் அள்ளத் தொடங்கினாள். வண்டி வரும் நேரம். வாடினால் மார்க்கெட்டில் எடுக்க மாட்டார்கள். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாமல் எழிலரசியும் போய் அள்ளினாள். கையெல்லாம் சாமந்தி வாசனை ஏறியது.

போன் அடித்தபோது சாக்குகள் கட்டி முடிந்திருந்தன.

"நின்னுருச்சு" என்றாள் ஹவா. "முழுசா நிக்கலை. கசியுது. ஆனா அந்த மாதிரி இல்லை. பேரு கேட்டா சொல்றா."

"நாடி?"

"வேகமா இருக்கு. இருக்கு."

"அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் ஹவா. இப்பவே. பலூனை எடுக்காம அப்படியே."

"ஆம்புலன்ஸ் உங்ககூடவே போயிருச்சே. வெங்காயம் ஏத்தி வந்த வண்டி ஒண்ணு நிக்குது. டிரைவர்கிட்ட அவ அக்கா பேசிட்டிருக்கா. அழுதுட்டிருக்கா, அவன் முடியாதுங்கறான். நான் போய் நாலு வார்த்தை திட்டணும். வைக்கட்டுமா?"

"வை. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, நான் அங்க தெரிஞ்சவங்களைப் பிடிக்கிறேன்."

"எசில்."

"சொல்லு."

"உன் அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க" என்றாள் எழிலரசி.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மாதம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், கேட்கவில்லை. எழிலரசி சரியாகிவிட்டது என்று தலையை ஆட்டினாள். மாதம்மாள் சட்டையின் கையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொழந்த?"

"நல்லா அழுதுட்டிருக்குதாம்."

"ஆம்பளையா பொண்ணா?"

"அதைக் கேக்கவே இல்லைங்க்கா" என்றாள் எழிலரசி. அந்தப் பதிலில் மாதம்மாளுக்குத் திருப்தி இல்லை. "நல்ல நர்சும்மா நீ" என்று சொல்லிச் சிரித்தாள்.

பூ ஏற்ற வந்த மினி வேனிலேயே எழிலரசி தர்மபுரி போனாள். சேலையில் மண்ணும் மஞ்சள் கறையும். ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நர்சிங் சூப்பிரண்டு நிர்மலா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம்.

"காலைல வரச் சொன்னா இப்ப வர்றீங்க? வேலைக்கும் இப்படித்தான் வருவீங்களா?"

"வழியில ஒரு பேஷண்ட் மேடம்."

நிர்மலா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. சான்றிதழ்களை நின்றபடியே புரட்டினார். லேபர் வார்டுக்கு ஆள் கிடைக்காமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தது அவர் புரட்டிய வேகத்தில் தெரிந்தது.

"திங்கட்கிழமை வந்துருங்க. யூனிஃபார்ம் இங்கயே குடுப்பாங்க. இன்னொண்ணு, டியூட்டி நேரத்துல போன் கூடாது. லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போகணும். இங்க அது ஸ்ட்ரிக்ட்."

"சரிங்க மேடம்."

போன் கூடாது என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பு முழுவதும் ஓர் ஆறுதல் பரவியது. ஒரு ஷிப்ட் முழுக்க யாராலும் அவளைக் கூப்பிட முடியாது. அது அவளுடைய குற்றமும் ஆகாது. வெளியே வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஆறுதலை அப்படியே வைத்துக்கொள்ளப் பார்த்தாள். டீ ஆறும்வரைதான் அது தங்கியது. ஹவா கை மரத்துப்போய் அழுத்திக்கொண்டிருக்கும்போது அவளுடைய போன் ஓர் இரும்பு அலமாரிக்குள் அடித்துக்கொண்டிருக்கும்.

ஹவாவுக்குப் பதில் சொல்வது ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. முன்பும் அது தெரியும். ஆனால் அப்படியென்றால் விட்டுவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். இன்னொன்றும் செய்யலாம் என்று தோன்றியதே இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டே கோட்டயத்தில் இருக்கும் ஷீபாவை அழைத்தாள். சாட் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்து, அதே நாளில் கிளம்பியவள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"உனக்கும் ஹவா அனுப்பறாளா?" என்று எழிலரசி கேட்டாள்.

"நான் பார்க்கறதில்லை, எழில்" என்றாள் ஷீபா. "என்னால முடியலை."

"எனக்கும்தான்."

அதன் பிறகு இருவரும் நெடுநேரம் பேசினார்கள். அவர்களோடு வேலை பார்த்த கென்யா டாக்டருக்கும் ஹவா அனுப்பிக்கொண்டிருந்தது அன்று சாயங்காலம் தெரிந்தது. அவரும் பாதிக்குப் பதில் சொல்லி, பாதியை விட்டிருந்தார். மூவரும் தனித்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டு, தனித்தனியாகக் களைத்துப்போயிருந்தார்கள். ஹவாவையும் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். யாருக்கு எந்த நேரம் ஓய்வு என்று பேசி முறை வைத்துக்கொண்டார்கள். முறை இல்லாதவர் எடுக்க வேண்டியதில்லை. மாத்திரை அனுப்ப வழி இருக்கிறதா என்று டாக்டர் விசாரிப்பதாகச் சொன்னார். கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தெரசா கேட்டாள். "வேலை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா."

"பின்ன ஏன் சேலையெல்லாம் இப்பிடி?"

"பூ அள்ளினேன்" என்றாள் எழிலரசி. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. மகள் அன்று சாப்பிட்டபின் தட்டை வைத்துவிட்டு உடனே படுக்கப் போகாமல், நடந்ததை எல்லாம் சொன்னாள். இரண்டு வருடக் கதையில் ஒரு துண்டாவது அம்மாவுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. தெரசா குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஒருமுறை மட்டும், "ஏசுவே, அந்தப் புள்ளைங்கள" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் செய்தி வந்தது. வெங்காய வண்டி ஜைனபைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ரத்தம் கிடைக்க ஒரு நாள் ஆகியிருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறாள். இன்னும் எழுந்து நடக்கவில்லை. குழந்தை பெண். அக்காவின் மடியில் படுத்திருக்கும் படம் ஒன்றை ஹவா அனுப்பியிருந்தாள். குழந்தையின் நெற்றி சுருங்கியிருந்தது.

எழிலரசி லாக்கர் அறையில் நின்று படத்தைப் பார்த்தாள். கீழேயே அடுத்த செய்தியும் வந்திருந்தது. ஆற்றைத் தாண்டி நேற்று நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்; பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு; உப்பு சர்க்கரைப் பொட்டலம் தீரப்போகிறது. அன்றைக்கு ஷீபாவின் முறை. அவள் ஏற்கெனவே பதில் எழுதத் தொடங்கியிருந்தாள்.

எழிலரசிக்குக் கால் வலித்தது. முந்தைய ஷிப்ட் ஆள் வராததால் சேர்த்துப் பார்த்திருந்தாள். போனை உள்ளே வைத்துப் பூட்டினாள். வார்டில் கடத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல் பிரசவம், பயந்துபோய் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழிலரசி கையைக் கழுவிக்கொண்டு அவளிடம் போனாள்.